சேசு பாலனுக்கு ரெட்டைக் கூரை

மணிக்கூண்டு இரண்டு. கோவில் மூன்று, ஒன்று ஓடு வேய்ந்தது, இரண்டு தளம் போட்டது. கிணறு பத்தொன்பது, ஒன்றுகூட இடிந்ததில்லை. கன்னியர் மடத்துக்குச் சுற்றுச்சுவர். ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலம். இஞ்சினீர் வரைந்தபடி கட்டியிருந்தால் முதல் வெள்ளத்திலேயே போயிருக்கும், நான் மாற்றிக் கட்டினேன், இன்னும் நிற்கிறது. இதெல்லாம் திண்டுக்கல்லைச் சுற்றி என் கையால் ஆனது. என் அப்பா சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமந்தவர். எனக்கு எட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒன்றரை வருஷம், அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தேன். ஆகையால் இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகை நடத்துகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்தக் கூடாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் மலாயா நாட்டு ஜோகூருக்குக் கூலியாகப் போகவில்லை என்பது தெரியவேண்டும். மகளைப் பார்க்கப் போனேன். லூர்து மேரி என் கடைசி மகள். அவள் புருஷன் அந்தோணிசாமி பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது துரையின் ஆபீசில் குமாஸ்தா. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டங் கூட்டமாய்ச் சேர்த்துக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பிக்கொண்டிருந்த காலம். நான் போன கப்பலில் காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தது. எதிரே வந்த கப்பலில் தலைதலையாய் நின்றார்கள்.

ஜோகூருக்குள் ரயில் நுழைந்தது முதல் ஜன்னலில் தெரிந்தது ஒரே மரம். வரிசை வரிசையாய் ரப்பர். நம் பக்கத்தில் இவ்வளவு நேரான வரிசையைக் கல்லறைத் தோட்டத்தில்தான் பார்க்கலாம். எனக்கு எதிரே ஒரு மலாய்க்காரர் மடியில் சேவலை வைத்துக்கொண்டிருந்தார். வாழையிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, மேலே நெத்திலியும் மிளகாய் அரைப்பும். நான் தயங்கினேன். அவர் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த தமிழ் ஆள் பெயர்த்துச் சொன்னார்: "சேவலுக்கும் கொடுத்துட்டாராம், அது சாகலையாம், நீங்க சாப்பிடலாமாம்." சாப்பிட்டேன். உப்பு ஒரு மாத்திரை குறைவு, மற்றபடி நன்றாக இருந்தது.

பெக்கோக் ஸ்டேஷனில் இறங்கும்போது மழை. நம் ஊரில் மழை பெய்தால் சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே வந்து பார்ப்போம். அங்கே யாரும் தலையைத் தூக்குவதுகூட இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தார். எனக்கு நாற்காலி போட்டார். "நீங்கள் கிராணியாற்றை மாமனாரோ? லொறி வருமட்டும் இஞ்சை இருங்கோ. உங்கட ஊரில மழை இல்லையெண்டு கேள்வி. போகேக்கை வேணுமெண்டளவு கொண்டு போங்கோ" என்றார். சிரிக்காமல் சொன்னார். பக்கத்துச் சீனன் கடையிலிருந்து கோப்பி வரவழைத்தார். டப்பாப் பால் அடியில் கெட்டியாய் நின்றது, கலக்காமல் குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்து லாரியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து போனோம். பாதி வழியில் சேற்றில் புதைந்துவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய பூட்சில் ஒன்று சேற்றோடு போயிற்று. கையை விட்டுத் தேடினேன், முழங்கை வரை போயிற்று, பூட்ஸ் வரவில்லை. சீன டிரைவர் மலாயில் ஒன்று சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "ஒத்தைக் காலுக்குப் பாதி டிக்கெட் போதும்கிறான்" என்றார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். துரை பங்களா குன்றின்மேல். அதற்குக் கீழே ஆபீஸ், ரப்பர் உலர்த்தும் புகைக்கூடு, கிராணி வீடு. அதற்கும் கீழே பள்ளத்தில் தொழிலாளிகள் இருக்கும் வரிசை வீடுகள், லயம் என்கிறார்கள். பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போகிறார்கள். பாதிப் பேருக்குத்தான் வேலை இருந்தது. மற்றவர்கள் வாசலில் குந்தி மழையைப் பார்த்தார்கள்.

லயங்களுக்குத் தகரக் கூரை. ஆற்றோரம் உள்ள கடைசி லயத்துக்கு மட்டும் அத்தாப்பு. சதுப்பில் வளரும் ஒரு பனை ஜாதியின் ஓலையை மூங்கில் பத்தையில் மடித்து, பிரம்பு நாரால் தைத்து, பாய்போல் நீளமாகச் செய்வது அத்தாப்பு. அந்த லயத்தில் கடைசி அறைக்குக் கூரையே பாதி இல்லை. மரம் சாய்ந்து உடைத்துவிட்டதாம். உள்ளே ஒரு மூலையில் கோணிச்சாக்கைக் கட்டி, அதன் அடியில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து கும்பிட்டாள். பேர் சவரியாயி. புருஷன் சின்னப்பன் மரம் வெட்டப் போயிருந்தான். நம் வேதம்தான். பிள்ளைக்கு ஒன்றரை மாசம்.

"துரை ரிப்பேருக்கு ஒண்ணும் கொடுக்கமாட்டேன்னுட்டார் மாமா" என்றார் மாப்பிள்ளை, கொஞ்ச தூரம் வந்த பிறகு. "புது வருஷத்தன்னிக்கு லயத்தைப் பார்வையிட வருவார். அன்னிக்குக் கூரை இல்லாத அறையைப் பூட்டிடுவார். அதுல இருக்கறவங்க பேரு கப்பல் லிஸ்டுல ஏறிடும்."

"ஊருக்குத்தானே போறாங்க?"

"ஊர்ல அவங்களுக்கு என்ன இருக்கு? சின்னப்பன் இங்க பொறந்தவன்."

நான் திரும்பிப் பார்த்தேன். கூரையைத் தாங்கும் கை மரம் நன்றாய்த்தான் இருந்தது. "இது எனக்கு ஒரு நாள் வேலை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மேலே நடந்தேன். அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கோவிலைப் பார்த்தேன். பலகைச் சுவர், தகரக் கூரை, பின்பக்கம் ஒரு தாழ்வாரம். எங்கள் ஊர் மாட்டுக் கொட்டகை இதைவிட உயரம் என்று சொல்லலாம், ஆனால் சுத்தம். உபதேசியார் வீட்டு அம்மாள் போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் குடிலை எடுத்துக் காட்டினாள். நாலு குச்சி, ஒரு காக்கிக் காகிதம். சேசு பாலன் சொரூபம் மட்டும் நல்ல வேலைப்பாடு, பிரான்சு தேசத்திலிருந்து வந்தது. "இதிலேயா படுக்க வைக்கிறது? இந்த வருஷம் நான் கட்டுகிறேன்" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.

கோவில் பின் தாழ்வாரத்தில் அத்தாப்பு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. புதிது, காய்ந்தது, தையல் ஒரே சீர். நம் ஊரில் திருநாள் வந்தால் வீட்டுக்கு ஒரு கட்டு ஓலை கொண்டுவந்து கோவிலுக்குப் பின்னால் போடுவார்கள், பந்தலுக்கு. கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. கோவிலுக்குப் பின்னால் கிடக்கிற ஓலை கோவிலுடையது. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். அது சின்னப்பன் வீட்டுக் கூரை, அவன் ஓலை வெட்டிவர அவன் பெண்சாதி ஒரு மாசமாய்த் தைத்தது, தோட்டத்தில் நனையாத இடம் வேறு இல்லாததால் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு அங்கே வைத்தது, அரைநாள் லீவு கிடைக்கும் அன்று போடுவதாக இருந்தது. இவ்வளவும் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

குடில் கட்டினேன். வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் வேலை நன்றாக வந்தது. மூங்கிலில் ஆறு கால், ஆள் குனிந்து நுழையும் உயரம். முன்பக்கம் வளைவு, எங்கள் கோவில் வாசல் வளைவுக்குச் சின்னது. கூரை இரண்டு பக்கச் சரிவு. ஓர் அத்தாப்பு ஒரு பாகம் நீளம், அதாவது இரண்டு கையையும் விரித்த அளவு. குடிலுக்கு அது அதிகம். பாராங் கத்தியால் பாதியாய் வெட்டிக்கொண்டேன். ஓர் அடுக்குப் போட்டேன். பார்வைக்கு மெலிவாய் இருந்தது. இன்னோர் அடுக்குப் போட்டேன். அடுக்கில் இருந்ததில் பாதிக்குமேல் தீர்ந்தது.

ஐந்தாம் நாள் லயத்து ஜனங்கள் பார்க்க வந்தார்கள். மழையில் நனைந்துகொண்டே வந்து, நனைந்துகொண்டே நின்று பார்த்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. வியப்பில் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். சவரியாயியும் பிள்ளையோடு வந்தாள். கூரை ஓரத்தை விரலால் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முழங்கால் போட்டு ஒரு மன்றாட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். சின்னப்பன் வாசலுக்கு வெளியிலேயே நின்றான். நான் அவனைக் கூப்பிட்டு, வளைவு எப்படி நிற்கிறது என்று விளக்கினேன். "நல்லா நிக்குதுங்கய்யா" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் ஆற்றோர லயத்துக் குழாயடிப் பக்கமாய்ப் போனேன். குழாய்க்கும் எனக்கும் நடுவே வாழைப் புதர். இரண்டு பெண்கள் குடம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவரு கெட்டின குடிலைப் பாத்தியா?"

"பாத்தேன். ரெட்டைக் கூரை. என்ன மழ பேஞ்சாலும் பொம்மைக்குச் சளி புடிக்காது."

"சவரியாயி புள்ளைக்குத்தான் புடிச்சிருக்கு. ராவெல்லாம் கொர்ருகொர்ருங்குது."

"அவ ஒரு மாசம் தச்சா. இவரு ஒரு நாள்ல வெட்டித் தீத்துட்டாரு. ஊருல பெரிய மேஸ்திரியாம்."

"மெல்லப் பேசு. கிராணியாரு மாமனாரு. காதுல விழுந்தா நாளைக்குப் பெரட்டுல ஒம்பேரு இருக்காது."

"விழட்டும். காதுன்னு ஒண்ணு வச்சிருக்கறது எதுக்கு?"

குடம் நிறைந்ததும் போய்விட்டார்கள். என் வேலையில் குற்றம் சொன்னவர்கள் பல பேர். கல் சரியில்லை, சாந்து சரியில்லை, சுவர் சாய்கிறது என்பார்கள். எல்லாருக்கும் குண்டு நூலைப் பிடித்துக் காட்டி வாயை மூடியிருக்கிறேன். இதற்குக் குண்டு நூலால் பிரயோசனம் இல்லை.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையைக் கேட்டேன். "அது சின்னப்பன் அத்தாப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஷவரம் பண்ணிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தினார். "தெரியும் மாமா."

"ஏன் சொல்லலே?"

"நீங்க அவ்வளவு ஆசையா கட்டிக்கிட்டு இருந்தீங்க. அவங்களும் ஒண்ணும் சொல்லலே. கோவில்லே வச்சதை எப்படித் திருப்பிக் கேக்கறதுன்னு சின்னப்பன் சொன்னான். நான் என்ன பண்றது?"

"குடிலைப் பிரிக்கப்போறேன்."

"இன்னிக்கா?" என்றார். "சாயங்காலம் நாலு மணிக்குத் துரையும் துரைசானியும் குடில் பாக்க வர்றாங்க. நான்தான் வரச் சொன்னேன். எங்க மாமா கட்டினதுன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்த ஆபீஸ்ல ரெண்டு கிராணி இருந்தோம், போன மாசம் ஒருத்தரை அனுப்பிட்டாங்க. இப்ப போய் அவர் கண்ணு முன்னால இந்த வேலை வேண்டாம் மாமா. திருநாள் முடியட்டும், பிரிச்சுக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. லூர்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "திருநாள் முடிஞ்சா அவங்களுக்கு அரைநாள் லீவு கெடையாதுப்பா. புது வருஷத்துக்குள்ள வேற நாளும் இல்லை" என்றாள். அவள் என் மகள். மாப்பிள்ளை முகத்தில் சோப்போடு அவளைப் பார்த்தார். பிறகு ஷவரத்தை முடித்தார்.

பகல் பதினொரு மணிக்கு நான் குடிலைப் பிரித்தேன். கட்டியதைவிடப் பிரிப்பது சுலபம் என்பார்கள். நான் கட்டியதைப் பிரிப்பது சுலபமில்லை, கட்டு அப்படி. சொரூபத்தைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டு, அத்தாப்பைத் தலையில் சுமந்து கடைசி லயத்துக்குப் போனேன். முப்பது வருஷமாய் நான் தலையில் சுமை எடுத்ததில்லை. எடுக்க ஆள் வைத்திருக்கிறேன்.

சவரியாயி வாசலை மறித்து நின்றாள். "வேணாங்கய்யா. கோவில்ல வச்ச பொருளு. சேசு பாலன் தலைக்கு மேல இருந்ததை எடுத்து எங்க தலைக்கு மேல போட்டா எம்புள்ளைக்கு ஆகாது."

"நீ இதைச் சாமிக்குக் கொடுத்தியா?"

"கொடுக்கலே. நனையாம இருக்கட்டும்னு வச்சோம்."

"அப்போ இது காணிக்கை இல்லை. நான் எடுத்தது. கேக்காம எடுத்தா எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு. எடுத்தவன் கொண்டாந்து வைக்கிறேன். உனக்கு நான் ஒண்ணும் தர்மம் பண்ண வரலே, ஒதுங்கும்மா."

பிள்ளை இருமியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் தலைச் சுமையைப் பார்த்தாள். "எத்தனை வெட்டினீங்க?" என்றாள்.

"பாதிக்கு மேலே."

"பெரம்பு நாரு மிச்சம் இருக்கு" என்று சொல்லிப் பிள்ளையைப் பக்கத்து அறைக்காரியிடம் கொடுத்துவிட்டு, வெட்டின துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

அரைநாள் வேலை முடிந்து சின்னப்பன் வந்தான். அவன் வரும்போது நான் கூரைமேல் இருந்தேன். ஆற்று முனையிலிருந்து ஆரம்பித்து ஒரு வரிசை முடித்திருந்தேன். அவன் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஐயா, அந்த முனையிலேருந்து வைக்காதீங்க. எதிர் முனையிலேருந்து வாங்க" என்றான்.

"எனக்குக் கூரை போடச் சொல்லித் தர்றியா?"

"இல்லைங்கய்யா. காத்து ஆத்துப் பக்கத்திலேருந்து வரும். மேல வர்ற ஓலை அந்தப் பக்கம் இருந்தா அமுக்கும், இல்லாட்டித் தூக்கிடும். அதத்தான் சொன்னேன்."

பனையோலைக் கூரை நான் நூறு போட்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் காற்று எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்க் காற்று அவனுக்குத் தெரியும். போட்ட வரிசையைக் கழற்றினேன். எதிர் முனையிலிருந்து ஆரம்பித்தோம். அவன் நாலு விரல் இடைவெளி விட்டு வைக்கச் சொன்னான், வைத்தேன். ஒட்டுப் போட்ட துண்டு இரண்டு கை மரத்துக்கு நடுவில் தொங்கும் என்றான். குடில் மூங்கிலைக் கொண்டுவரச் சொல்லி நடுவில் தாங்கு கொடுத்தேன். அது என் யோசனை. அவனே, "இது தோணலையே" என்றான்.

மூன்று மணிக்கு மேல் மழை பிடித்தது. இறங்கவில்லை. குழாயடியில் பேசின இரண்டு பெண்களும் வந்து நார் கிழித்தார்கள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நான் ஒன்றும் கேட்காதவன் மாதிரி இருந்தேன். அவர்களும் அப்படியே இருந்தார்கள்.

ஓலை முடிந்தபோது கூரை முடியவில்லை. நான் கெடுத்ததன் அளவு அப்படியே மேலே ஓட்டையாய்த் தெரிந்தது. இரண்டு பாய் விரிக்கிற அகலம். அந்த நேரத்தில் துரையின் மோட்டார் பாதையில் வந்து நின்றது. கோவிலுக்குப் போயிருக்கிறார்கள், அங்கே குடில் இல்லை. மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். துரை என்னைக் கைகாட்டி ஏதோ கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் நிறையச் சொன்னார். பிற்பாடு கேட்டபோது, பொய் இரண்டு மூன்று தயாராக இருந்ததாகவும், ஒன்றும் வாயில் வராததால் நடந்ததையே சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

துரை கேட்டதும் அவர் பெயர்த்ததும் இதுதான்: "கிழவர் விழுந்தால் யார் பொறுப்பு என்கிறார்."

"விழமாட்டேன் என்று சொல்லுங்க" என்றேன்.

துரை ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புகைக்கூட்டிலிருந்து கழற்றிப்போட்ட பழைய தகரம் மூன்று ஆபீஸ் பின்னால் கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். துரைசானி பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த பிஸ்கோத்துப் பெட்டியை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். மோட்டார் திரும்பிப் போயிற்று. வெளிச்சம் இருக்கும்போதே தகரத்தை ஏற்றி ஆணி அடித்துவிட்டோம். சவரியாயி பிள்ளையை உள்ளே கொண்டுவந்து தரையில் நடுவில் கிடத்தி, அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. நான் அதற்காகவே நின்று பார்த்தேன்.

திருநாள் அன்று காலை சாமியார் வர நேரமாயிற்று. ஆற்று வெள்ளம் பாதையை மறித்து, அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பிரெஞ்சுக்காரர், ஆனால் தமிழில் நம்மைப் போலவே வைவார். கோவிலில் நாலு பக்கமும் பார்த்தார். "குடில் எங்கே?" என்றார். வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். அங்கே பேசினது இங்கே எழுதக்கூடாது. கிடைத்த அபராதத்தை எழுதலாம்: அன்றைய விருந்தில் நான் பரிமாறவேண்டும்.

பிரசங்கத்தில் அவர் சொன்னது: ஏழைக்குக் கொடுக்கிறேன் என்று வருகிறவன், அவனிடமிருந்து என்ன எடுத்தோம் என்று முதலில் வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு வரட்டும். இது வாசலில் நான் சொன்ன விஷயம்தான். என் பேரைச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்டவர் பேரைச் சொல்ல முடியாது என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. சேசுநாதர் பிறந்த இடத்தில் மாட்டுத் தொட்டி இருந்ததாகச் சுவிசேஷத்தில் வருகிறது. கூரை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. ஒழுகியதோ என்னவோ. வளைவும் சரிவும் போட்டதெல்லாம் என்னைப் போன்ற மேஸ்திரிமார்தான்.

அந்தத் தோட்டத்து வழக்கம், முதல் பந்தியில் கிராணி, கங்காணி, அவர்கள் குடும்பம். பிறகு தகர லயம். ஆற்றோர லயம் கடைசி. சாமியார் அன்றைக்கு மாற்றிப்போட்டார். கங்காணி தலை வலிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை போகவில்லை, காத்திருந்து மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தார். சோறு, பருப்பு, மரவள்ளிக்கிழங்கு, ஓர் ஆட்டின் கறி. நான் வாளியும் கரண்டியுமாய் முதுகை வளைத்து இலை இலையாய்ப் போனேன். வளைந்து வளைந்து இடுப்பு விட்டுப்போயிற்று. நின்று பார்ப்பவனுக்கு இது சின்ன வேலையாய்த் தெரிகிறது. சின்னப்பன் இலையில் கறி போட்டபோது, "போதுங்கய்யா" என்று கையைக் குறுக்கே வைத்தான். "கையை எடு, இல்லேன்னா மூணாம் பந்தியிலே எங்க மாப்பிள்ளைக்குத்தான் போகும்" என்றேன். எடுத்துவிட்டான். மூன்றாம் பந்திக்குப் போனது எலும்பும் குழம்பும்.

புது வருஷத்தன்று துரை வந்தார். கடைசி அறையில் தலையை நீட்டி, பிரம்பால் கூரையைத் தட்டிப் பார்த்தார். நானும் அங்கே நின்றேன், கூரை அசையவில்லை. பேர் லிஸ்டில் ஏறவில்லை. அதே லயத்தில் வேறு மூன்று குடும்பத்தின் பேர் ஏறிற்று, கூரை நன்றாய் இருந்தும். அதற்கு என்னிடம் வேலை இல்லை. நான் ஊர் திரும்பிய கப்பலில் அவர்களும் இருந்தார்கள். அவர்களில் வேலம்மாள் என்றொருத்தி, அந்தக் குழாயடியில் காதைப் பற்றிப் பேசினவள். கப்பலில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க வீட்டுக் கூரை ஒழுகவே இல்லைங்கய்யா" என்றாள்.

இப்போது லூர்து கடிதம் போட்டிருக்கிறாள். பெரிய மழை இரண்டு தடவை பெய்ததாம், கூரை நிற்கிறதாம். தகரம் போட்ட பக்கம் மட்டும் சத்தமாம், பிள்ளை அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறதாம். இருமல் போய்விட்டதாம்.

இதையெல்லாம் நான் எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் போன மாதம் நம் பத்திரிகையில், ஜோகூரிலிருந்து வந்த செய்தி என்று நாலு வரி கண்டேன். 'தோட்டத்துத் துரையவர்களின் தயாள குணத்தால் ஏழைத் தொழிலாளி ஒருவர் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் புதுக் கூரை போடப்பட்டது. மழையின் காரணமாக இவ்வருஷம் குடில் வைக்க இயலவில்லை.' நாலு வரியில் இரண்டு தப்பு. மழை ஒன்றும் செய்யவில்லை. அது பரிசும் இல்லை.

ஆகவே அடுத்த இதழில் இப்படிப் போடவேண்டும். ஓலை வெட்டினது சின்னப்பன். தைத்தது, இரண்டாம் தடவை ஒட்டுப் போட்டுத் தைத்தது, சவரியாயி. நார் கிழித்தது வேலம்மாளும் இன்னொருத்தியும். துரை கொடுத்தது பழைய தகரம் மூன்று. மூன்று என்றே போடவும். அந்த ஓலையைக் கேட்காமல் எடுத்ததும், பாதியை வெட்டிக் கெடுத்ததும், திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டதும் கொத்தனார் இன்னாசிமுத்து. என் பேரைக் கடைசியில் போட்டாலும் சரி. விட்டுவிடக் கூடாது.